கம்பளிக்குள் ஒரு கை

அந்த அக்கா என்னோடு முதலில் பேசவில்லை, தொட்டார். கோத்தகிரி பக்கத்து அரவேணுவில், ரேஷன் கடையில் ஒரு டிசம்பர் காலை. ஸ்வெட்டர், மேலே சால்வை, தலையில் மஃப்ளர் என்று மூட்டை மாதிரி நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் ஸ்வெட்டருக்குள் நுழைந்து, முழங்கைக்கு மேலே சதையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தது. பதறிப்போய்த் திரும்பினால், என் தோள் உயரம்கூட இல்லாத ஒரு பெண்மணி பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறார்.

“துணிதான் தடிமன். உள்ள ஆளு ஒண்ணுமில்ல. காலையில சாப்பிடலையா?”

சாப்பிடவில்லை என்பது உண்மை. அதனாலேயே எனக்குச் சுர்ரென்று ஏறியது. “ஏனுங்க, முன்னப்பின்ன தெரியாதவங்க மேல கைய வெக்கறது என்ன பழக்கமுங்க?” என்றேன்.

“பழக்கந்தான்” என்றார். வரிசையில் முன்னால் நகரச் சொல்லிக் கையைக் காட்டினார். அவ்வளவுதான் அன்றைக்கு.

அடுத்த வாரமே எங்கள் பக்கத்து வீட்டின் பின்கட்டுக்கு வாடகைக்கு வந்து சேர்ந்தார். தனியாள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. குன்னூர் போகிற வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் குழந்தைக் காப்பகத்து ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்தது இலங்கைத் தோட்டத்தில். எட்டு வயதில் பெற்றோரோடு கப்பலேறி வந்தவர் என்பதால் காப்பகத்தை அவர் கடைசிவரை ‘புள்ளக் காம்பரா’ என்றுதான் சொன்னார். பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், எதற்கு என்று கேட்பார், பதில் சொல்ல முடியாது.

கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலை ஏழரைக்குக் குழந்தைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், காதை மூடிய குல்லா, காலுக்கு உறை. மலையில் எந்தக் குழந்தையும் பார்வைக்குக் குண்டுதான். அக்கா ஒவ்வொன்றையும் வாங்கி, முதல் வேலையாகக் கையைக் கம்பளிக்குள் விட்டு விலாவைத் தடவிப் பார்ப்பாராம். பிறகுதான் யாருக்கு எவ்வளவு பால், யாருக்கு எவ்வளவு கஞ்சி என்று முடிவு செய்வாராம்.

“இந்தக் குளிர்ல கண்ணால பாத்துப் புள்ள வளக்க ஏலாது. கைதான் சொல்லும்” என்பார்.

அந்தத் தோட்டத்தில் வளர்ந்த ஒருவர் எங்கள் ஊர் மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். அக்கா எங்கள் பக்கத்தில் குடியிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “அந்தம்மாவா? பாவமுங்க நீங்க. ஒரு வாய்ப் பாலுக்கு நான் உருண்டு பொரண்டு அழுதிருக்கேன். டம்ளர்ல ஆணியால கோடு போட்டு வெச்சிருக்கும். கோட்டுக்கு மேல ஒரு சொட்டு ஊத்தாது.” இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு, தானாகவே வந்து சொன்னார். “கோட்டுக்குக் கீழயும் கொறைக்காதுங்க. பால் கொறைவா வந்த நாள்ல ஆபீஸ் வாசல்ல போயி உக்காந்துக்கும். வந்தாத்தான் எந்திரிக்கும்.”

அக்காவை ஊரில் நிறையப் பேருக்குப் பிடிக்காது. காரணம் இருக்கிறது. வாய்க்கு இதமாக ஒரு வார்த்தை வராது. என் உப்புமாவைச் சாப்பிட்டுவிட்டு, “உப்பு பத்தல, எண்ணெ ஜாஸ்தி” என்று தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனவர். மரியாதைக்காகக்கூடப் பொய் சொல்லத் தெரியாத பிறவி.

தோட்டத்தில் ஒருமுறை விருந்தாளிகள் வந்து எல்லாக் குழந்தைகளுக்கும் சிவப்பு ஸ்வெட்டர் கொடுத்தார்களாம். வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். வந்த அம்மாள் ஒருவர், “எல்லாம் கொழுக்கு மொழுக்குன்னு இருக்குதுங்களே” என்று கன்னத்தைக் கிள்ளியிருக்கிறார். அக்கா பக்கத்தில் நின்ற குழந்தையின் புது ஸ்வெட்டரைக் கழுத்துவரை தூக்கிக் காட்டினார். விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்ததாம். மறுநாள் அக்காவுக்கு மெமோ.

“அப்புறம் முட்டை, கிட்டை ஏதாச்சும் குடுத்தாங்களா அக்கா?” என்று கேட்டேன்.

“இல்ல. அடுத்த வருசமும் ஸ்வெட்டர்தான் வந்துச்சு” என்றார். சிரிக்கவில்லை.

இனி என் வீட்டுக் கதைக்கு வர வேண்டும். வர மனமில்லாமல்தான் இவ்வளவு நேரம் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

நான் கோத்தகிரி நூலகத்தில் வேலை பார்த்தேன். காலை ஒன்பதுக்குப் போனால் வீடு திரும்ப ஏழாகும். என் வீட்டுக்காரர் அரவேணு கடைவீதியில் ஹார்டுவேர் கடை நடத்தியவர். எந்த ஆணி எந்த டப்பாவில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பார். அறுபத்திரண்டு வயதில், போதும் என்று கடையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். அப்போதுதான் எங்கள் மகள், பெங்களூர் ஃபிளாட்டில் பூனை வளர்க்க விடமாட்டேன் என்கிறார்கள் என்று தன் பெர்சியன் பூனையை எங்களிடம் கொண்டுவந்து விட்டாள். உடம்பெல்லாம் விரல் நீள ரோமம். சுருண்டு படுத்தால் நடுவில் ஒரு குழி விழும். அதைப் பார்த்து அவர்தான் ‘வாஷர்’ என்று பெயர் வைத்தார்.

எதிர்வீட்டு நாயைச் சிறுத்தை தூக்கிப்போன பிறகு, வாஷரை வாசற்படி தாண்ட விடுவதில்லை. வீட்டுக்குள்ளேயே இருக்கிற பூனை சீக்கிரம் கொழுத்துவிடும், கொழுத்தால் நோய் வரும், அளந்து வையுங்கள் என்று குன்னூர் மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒரு சின்னக் கப்பைக் கொடுத்து, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, அதற்கு மேல் கூடாது என்றார். அந்த வேலையை வீட்டுக்காரர் தனதாக்கிக்கொண்டார். வேறு வேலை அவருக்கு இல்லை. சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போதே உள்ளிருந்து குரல் வரும்: “வாஷருக்கு வெச்சாச்சு அம்மிணி.”

அந்தக் குரலில் ஒரு நிறைவு இருக்கும். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும்.

அக்கா குடிவந்த அந்த மார்கழியில் வாஷர் நான் வந்ததும் காலைச் சுற்றிச் சுற்றிக் கத்த ஆரம்பித்தது. “இப்பத்தான் வெச்சேன். அதுக்கு ருசி கண்டுபோச்சு” என்பார். அளவு மீறக்கூடாது என்று நானும் அதைக் காலால் ஒதுக்கிவிட்டு அடுப்பைப் பற்றவைப்பேன். கொஞ்ச நாளில் கத்துவதை நிறுத்திவிட்டது. குளிருக்கு ரோமம் அடர்ந்து, பார்க்க முன்பைவிடப் பெரிதாக இருந்தது. நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

மூன்று வாரத்தில் தீரும் தீனிப் பாக்கெட் ஆறு வாரமாகியும் தீரவில்லை. அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். குளிர் காலத்தில் பூனை குறைவாகத் தின்னும்போல என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதைத் தாண்டி யோசிக்கப் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கேத்தியிலிருந்து யாரோ கொடுத்த கேரட்டில் பாதியை எடுத்துக்கொண்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் வாஷர் மெதுவாக வந்து மடியில் ஏறியது. தடவிக் கொடுப்பதற்கு முன்னால், பழக்கப்படி, கை ரோமத்துக்குள் போனது. போன கை அப்படியே நின்றுவிட்டது.

“இது பட்டினி கெடக்கு” என்றார்.

“காலையில வெச்சேனுங்களே” என்றார் என் வீட்டுக்காரர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி.

“அவரு வெச்சாருன்னா வெச்சதுதானுங்க அக்கா. அதுக்கு ரோமம் ஜாஸ்தி, உங்களுக்குத் தெரியாது” என்றேன். என் குரல் ஏன் அவ்வளவு உயர்ந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, என் கையை அந்த ரோமத்துக்குள் அழுத்தினார். முதுகெலும்பு பாசிமணி கோத்ததுபோல் ஒவ்வொன்றாக விரலில் தட்டியது. அத்தனை பெரிய பூனைக்குள் ஒரு கைப்பிடிப் பூனைதான் இருந்தது.

கேரட்டை வாங்கிக்கொள்ளும் சாக்கில் அவரைச் சமையலறைக்கு அழைத்துப் போனேன். அங்கே வைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னார். “பூனைக்கு ஒரு கேடும் இல்ல லைப்ரரியம்மா. ஐயாவத்தான் நீங்க பாக்கணும். அவரு பொய் சொல்லல. வெச்சோம்னு நம்புறாரு.”

“எங்கூட்டு ஆளைப் பத்தி எனக்குத் தெரியுமுங்க. நீங்க உங்க வேலையப் பாருங்க” என்றேன். கேரட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் கேரட் விஷயம் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆனால் என் விரல் மறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை தலைவலி என்று சொல்லி பர்மிஷன் போட்டுவிட்டு நான்கு மணி பஸ்ஸில் வந்தேன். சத்தமில்லாமல் பின்கதவைத் திறந்தேன். வீட்டுக்காரர் சமையலறை நடுவில் நின்றிருந்தார். கையில் அந்தச் சின்னக் கப். காலடியில் வாஷர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், மறுபடி கப்பைப் பார்த்தார். என்னைக் கண்டதும் குழந்தையிடம் அகப்பட்டுக்கொண்ட பெரிய மனிதரைப்போல் முகம் சிவந்தது.

“இத எதுக்கு எடுத்தேன் அம்மிணி?” என்றார். பிறகு அவசரமாக, “டீ போடலாம்னு எடுத்தேன்” என்றார்.

நான் டீ போட்டேன். இருவரும் குடித்தோம். அவர் பார்க்காதபோது வாஷரின் தட்டில் தீனியைக் கையால் அள்ளி அள்ளிக் கொட்டினேன். பாவம் செய்த கை எவ்வளவு அள்ளினாலும் போதவில்லை. அந்த நேரம் பார்த்து அக்கா பின்கதவில் வந்து நின்றார். நான் துரத்தியதற்கு அப்புறமும், வாஷரைப் பார்க்க முந்தின நாளும் அந்த நேரத்துக்கு வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே வந்து தட்டை எடுத்து, முக்கால்வாசித் தீனியைத் திரும்பப் பாக்கெட்டில் போட்டார்.

“பட்டினி கெடந்த வயித்துல ஒரேயடியாக் கொட்டினா செத்துப் போகும். கொஞ்சங் கொஞ்சமா ஏத்தணும்” என்றார். நான் தட்டைப் பிடுங்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். “இது உங்க மனசாட்சிக்கு வெக்கிற சோறு. அது வயித்துக்கு வெக்கிற சோறில்ல. விளங்குதா?”

விளங்கியது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அக்கா முதுகைத் தடவிக் கொடுக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அழுது முடிக்கும்வரை அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றார்.

கோயமுத்தூர் டாக்டர் ஒரு பெயர் சொன்னார். அந்தப் பெயரை நான் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. மறதிக்கு மாத்திரை என்று மட்டும் சொன்னேன், வீட்டுக்காரரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

பூனைக்குத் தீனி வைக்கிற வேலையை நானே எடுத்துக்கொள்வதாக அக்காவிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “இருக்கிற ஒரு வேலையையும் புடுங்கினா மனுசன் சுருண்டுருவாரு. அவரு கையாலதான் வெக்கணும். வாஷர் வயித்துக்கும் சரியாப் போகணும். ரெண்டும் நடக்கணும்” என்றார். நடக்கும் என்றால் எப்படி என்று கேட்டேன். நாளைக்குப் பாருங்கள் என்று கப்பை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை எட்டேகாலுக்கு, நான் கிளம்பிக்கொண்டிருக்கும்போது வந்தார். கப்பின் உட்புறம் ஆணியால் ஒரு கோடு கீறியிருந்தார். நேரே பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் போய், கப்பை நீட்டினார்.

“ஐயா, வாஷருக்கு எவ்வளவு வெக்கிறதுன்னு எனக்கு மறந்து போச்சு. கொஞ்சம் வெச்சுக் காட்டுறீங்களா?”

நான் கைப்பையைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். முப்பது வருடம் எத்தனை குழந்தைக்கு எவ்வளவு என்று சொட்டுக் கணக்கில் மனதில் வைத்திருந்த பெண். மரியாதைக்குக்கூடப் பொய் வராத வாய். அந்த வாய், முகத்தில் ஒரு சின்ன அசைவுகூட இல்லாமல், மறந்துவிட்டேன் என்கிறது.

வீட்டுக்காரர் எழுந்தார். கடையில் ஒரு வாடிக்கையாளர் வந்து நின்றால் எப்படி எழுவாரோ அப்படி. கப்பை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். “கோடு போட்டிருக்குது பாருங்கம்மா. இது வரைக்கும்தான். இதத் தாண்டினா அதுக்குக் கெடுதி” என்று சொல்லி, அளந்து, தட்டில் போட்டார். சாயங்காலம் ஐந்துக்கும் அக்கா வந்தார், அதே கேள்வி, அதே பதில்.

சில நாள் வீட்டுக்காரர் கோட்டைத் தாண்டிக் கொட்டிவிடுவார். “ஐயா, கோட்டுக்கு மேல போயிருக்கே, அது சரியா?” என்று அப்பாவியாகக் கேட்பார் அக்கா. அவரே நாக்கைக் கடித்துக்கொண்டு குறைப்பார். வாரத்துக்கு ஒருமுறை அக்கா ஆணியால் கோட்டைக் கொஞ்சம் உயர்த்திக் கீறுவார். வாஷரைத் தூக்கி விலாவில் விரலை ஓட்டுவார். எனக்கும் அந்தப் பாடம் வந்தது. விரலால் தேடினால் எலும்பு கிடைக்க வேண்டும். தேடாமலே கிடைத்தால் பட்டினி. தேடியும் கிடைக்காவிட்டால் கொழுப்பு. சித்திரை பிறந்தபோது எலும்பைத் தேட வேண்டியிருந்தது. அத்தோடு கோடு உயர்வது நின்றது.

“முப்பது வருசம் எந்தத் தாய்க்கிட்டயும் ஒரு பொய் சொன்னதில்ல. உங்க ஊட்டுக்கு வந்து தெனம் ரெண்டு பொய்” என்று ஒருநாள் அலுத்துக்கொண்டார். நிஜமாகவே அது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. கேட்டுவிட்டு வெளியே வரும்போது கையைச் சேலையில் துடைத்துக்கொள்வார்.

வீட்டுக்காரரும் ஒருநாள் என்னிடம் இரகசியமாகச் சொன்னார். “அந்தம்மாவுக்கு ஞாபகம் ரொம்பத் தப்பிப்போச்சு அம்மிணி. தெனமும் வந்து அதையே கேக்குது. தனியா வேற இருக்குது, பாவம். நீ பாட்டுக்கு வெடுக்குன்னு எதுவும் சொல்லீராத.”

சொல்லமாட்டேன் என்றேன். அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்படி ஒன்றரை வருடம் ஓடியது. பிறகு திருப்பூரில் மருமகளுக்கு இரட்டைக் குழந்தை பிறந்து, ஒன்றுக்கு எடை ஏறவில்லை என்று மகன் வந்து நின்றார். அக்கா உடனே கிளம்பிவிட்டார். இரண்டு பையும் ஒரு அலுமினிய டம்ளரும்தான் சாமான். சாயங்காலத் தீனியை நான் வந்த பிறகு வைக்கும்படி நேரத்தை ஏழரைக்கு மாற்றிப் பழக்கியிருந்தார்.

பஸ் ஸ்டாப்பில் அழப்போகிறேன் என்று தெரிந்து, என்னைப் பேசவே விடவில்லை. “நாளையிலருந்து மறந்து போறது நீங்கதான்” என்றார். “சிரிக்கக் கூடாது. அழவும் கூடாது. நெசமாவே தெரியாத மாதிரி கேக்கணும். இல்லாட்டி அவரு கண்டுபுடிச்சுருவாரு.”

“எனக்கு வராதுங்க அக்கா” என்றேன்.

“எனக்கு மட்டும் வந்துச்சா?” என்று கேட்டுவிட்டு ஏறிக்கொண்டார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. போனில் இரண்டுமுறை பேசினோம். இரண்டுமுறையும் வாஷரின் விலாவைப் பற்றிக் கேட்டார். மூன்றாவதுமுறை போனை எடுத்தது அவருடைய மகன்.

எனக்கு வராது என்று சொன்னது சும்மா இல்லை. முப்பத்தோரு வருடத் தாம்பத்தியத்தில் ‘மறந்துவிட்டேன்’ என்று நான் வீட்டுக்காரரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. மறப்பது அவர், குத்திக் காட்டுவது நான் என்றுதான் குடும்பம் நடந்தது. இந்த மறதி வந்த புதிதில், நோய் என்று தெரியாமல், எத்தனை முறை வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன்.

அக்கா போன மறுநாள் காலை. எட்டேகால். வீட்டுக்காரர் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வாஷர் தட்டருகில் உட்கார்ந்திருந்தது. நான் கப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

“ஏனுங்க, வாஷருக்கு எவ்வளவு வெக்கறதுன்னு எனக்கு மறந்து போச்சுங்க.”

அவர் கப்பை வாங்கவில்லை. என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

“உனக்குமா அம்மிணி?” என்றார்.

நான் தலையை ஆட்டினேன். அவர் எழுந்து வந்து என் கையைக் கப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். வீட்டில் வேறு யாரும் இல்லை. இருந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பயப்படாத. யாருகிட்டயும் சொல்லிக்காத. நானும் சொல்லிக்கறதில்ல.”

பிறகு என் கையை விடாமலே, கோடு வரைக்கும் அளந்து போட்டார்.